கேள்வி என்னும் சொல்லும் ஆப்பிரிக்கச் சிற்றூர் வானொலியும்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கற்றறிந்தோர் வாய்ச்சொல்லைச் செவிவழி ஏற்று அறிவு பெறுதல் ஒன்று. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றியது இதனையே. அறியாத ஒன்றையோ தமக்கு உரிய ஒன்றையோ பிறரிடம் வினவுதல் மற்றொன்று. வாய் மூடி அமர்ந்திருக்கும் மாணவனையும் ‘கேட்கிறான்’ என்கிறோம். எழுந்து நின்று ஐயம் எழுப்பும் மாணவனையும் ‘கேட்கிறான்’ என்கிறோம். ஒரே சொல்தான், ஆயின் இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை வகுப்பறையில் நிற்பவர் நன்கு அறிவர்.

ஆப்பிரிக்கச் சிற்றூர்களுள் வானொலி புகுந்த வரலாறு இவ்விரு பொருள்களுக்கும் இடையே நடந்த ஒரு நெடும் பயணம் எனலாம். ஏழை மக்கள் முதற்பொருளில் கேட்பதற்காகவே அங்கு வானொலி அமைக்கப்பெற்றது. அவர்கள் இரண்டாம் பொருளில் கேட்பதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. சில இடங்களில் அவ்வாறு கேட்டதற்காக அடியும் உதையும் பெற நேர்ந்தது.

அக்கண்டத்தில் செய்தித்தாளை விட வானொலி முதன்மை பெற்றதற்குக் காரணம் வெளிப்படை. ஏறத்தாழ 2,000 மொழிகள் பேசப்படும் நிலப்பரப்பு அது. அவற்றுள் மிகப் பலவற்றில் நாளிதழ் என்பதே இல்லை. இதழ் இருந்தாலும் தலைநகரைக் கடந்து செல்லச் சாலை இல்லை. சென்றாலும் படிப்பவர் சிலர். ஒலிக்கோ சாலையும் வேண்டா, எழுத்தும் வேண்டா. இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து முதியோர் சொல்லக் கேட்டு அறம் அறிந்த மக்களுக்குச் செவிவழிக் கல்வி புதியதும் அன்று.

சட்டி வானொலி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டில், அன்று வட ரொடீசியா எனப்பட்ட இன்றைய ஜாம்பியாவின் லுசாக்கா நகரில் ஒரு சிறு வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. போர்முனைக்குச் சென்ற ஆப்பிரிக்கப் படைவீரர்களின் குடும்பத்தார்க்குச் செய்தி சொல்வதே அதன் முதல் நோக்கம். போர் முடிந்த பின்னர் அந்நிலையம் பெம்பா, நியாஞ்சா, டோங்கா, லோசி முதலிய மொழிகளில் ஒலிபரப்பும் ஆப்பிரிக்கர் நிலையமாகவே வளர்ந்தது.

ஆயின் ஒலிபரப்பினால் மட்டும் போதுமா? கேட்பதற்குப் பெட்டி வேண்டுமே! அக்காலத்து வானொலிப் பெட்டிகள் வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்கென்று செய்யப்பட்டவை, பளபளக்கும் மரப்பேழைகள், மின்சாரம் இன்றி இயங்காதவை. சிற்றூர்க் குடிசையில் மின்சாரத்துக்கு எங்கே போவது? மரப்பேழை மழையில் உப்பும், கறையான் அரிக்கும். இவற்றைக் கண்ட அந்நாட்டுச் செய்தித்துறை இயக்குநர் ஹாரி பிராங்க்ளின் என்பவர், ஏழை ஆப்பிரிக்கர் வாங்கத்தக்க மின்கலப் பெட்டி ஒன்றைச் செய்து தருமாறு பிரித்தானியத் தொழிற்சாலைகளை நாடி மூன்றாண்டுக் காலம் அலைந்தார். காசில்லாத மக்களுக்குப் பண்டம் செய்ய எந்த வணிகர் முன்வருவார்? ஈற்றில் மின்கலம் செய்யும் எவர் ரெடி நிறுவனம் இசைந்தது. பெட்டியை மலிவாக விற்றாலும் மின்கலம் தொடர்ந்து விற்குமன்றோ என்னும் வணிகக் கணக்கும் அதில் இருந்திருக்கக் கூடும். கணக்கு எதுவாயினும் நன்மை விளைந்தது.

1949ஆம் ஆண்டில் அப்பெட்டி வெளிவந்தது. அதன் உடலுக்குப் புதிய அச்சு எதுவும் வார்க்கப்படவில்லை. அடுக்களையில் புழங்கும் ஒன்பது அங்குல அலுமினியச் சட்டியையே, கைப்பிடி பொருத்துமுன் எடுத்து, நீல வண்ணம் பூசி, உள்ளே நான்கு வால்வுகளை அமைத்தனர். கறையானுக்கும் ஈரத்துக்கும் அஃது அஞ்சவில்லை. ஆகவே ‘சட்டி வானொலி’ என்னும் பொருள்படும் பெயரே ஆங்கிலத்தில் அதற்கு நிலைத்தது. விலை ஐந்து பவுன். தனியே ஒன்றேகால் பவுன் கொடுத்து வாங்கிய மின்கலம் ஏறத்தாழ 300 மணி நேரம் உழைத்தது. சுரங்கத் தொழிலாளர்க்கும் ஐந்து பவுன் எளிய தொகை அன்று; எனினும் வாங்கினர். ஒருவர் வீட்டுப் பெட்டியைச் சுற்றி அண்டை வீட்டார் பலர் அமர்ந்தனர்.

லுசாக்காவில் பணியாற்றிய பீட்டர் பிரேங்கல் என்பார் அந்நிலையத்தின் கதையை 1959இல் நூலாக எழுதினார். நூலின் பெயர் ‘வயலெஷி’. ‘கம்பியில்லா’ என்னும் பொருளுடைய ‘வயர்லெஸ்’ என்ற ஆங்கிலச் சொல் ஊரார் நாவில் புரண்டு அவ்வாறு ஆயிற்று. ஒரு கருவி மக்களுடையதாகிவிட்டது என்பதற்கு, அதன் பெயர் அவர்கள் நாவுக்கேற்பத் திரிவதை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிலையத்தார் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களை ஒலித்தட்டில் பதிவு செய்தனர். அலிக் ங்காட்டா என்னும் பாடகர் அப்பணியில் பெரும்பெயர் பெற்றார். தம் ஊர்ப் பாட்டு வான்வழி வரக் கேட்ட மக்கள் கடிதங்களைக் குவித்தனர். உடல்நலம், உழவு, குழந்தை வளர்ப்பு ஆகியன பற்றிய பேச்சுகளும் நாடகங்களும் பாட்டோடு பாட்டாக உள்ளே சென்றன.

இவ்வளவு அன்பும் சில ஆண்டுகளில் ஐயமாக மாறியது. 1953இல் வட ரொடீசியா, தென் ரொடீசியா, நியாசாலாந்து ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு கூட்டாட்சியைப் பிரித்தானிய அரசு அமைத்தது. வெள்ளைக் குடியேறிகளின் ஆதிக்கம் நிலைத்துவிடும் என்று ஆப்பிரிக்க மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். லுசாக்கா நிலையமோ அரசின் நிலையம். நேற்றுவரை தம் பாட்டைப் பாடிய அதே குரல் இன்று அரசின் பக்கம் நின்று பேசும்போது கேட்போர் மனம் என்ன ஆகும்? குரலுக்கு உரியவர்களையே ஊரார் விலக்கிப் பார்க்கத் தொடங்கினர். நிலையத்து ஊழியர் பலர் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் நல்லெண்ணம் வேறு, உரிமை வேறு. பெட்டி மக்களுடையது, ஒலிவாங்கி மக்களுடையது அன்று.

பன்னிரண்டு வாரப் பள்ளி

கேட்பவர் வெறுமனே கேட்டுக் கலைந்துவிடாமல், கூடிப் பேசிச் செயலில் இறங்க வேண்டும் என்னும் எண்ணம் கனடாவில் உழவர்களிடையே 1940களில் உருவாயிற்று. வானொலி உழவர் மன்றங்கள் என்று அவற்றைக் கூறுவர். இந்தியாவில் 1956இல் புனே வட்டாரத்துச் சிற்றூர்களில் அம்முறை பரிசோதிக்கப்பெற்றது. 1960களின் நடுவில் கானாவுக்கும் சென்றது. எனினும் இம்முறையை மாபெரும் அளவில் கையாண்ட நாடு தான்சானியாவே.

அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே அரசியலுக்கு வருமுன் ஆசிரியராக இருந்தவர். இறுதிவரை மக்கள் அவரை ‘முவாலிமு’ என்றே அழைத்தனர். சுவாகிலி மொழியில் அதற்கு ஆசிரியர் என்பது பொருள். 1970ஆம் ஆண்டை அவர் முதியோர் கல்வி ஆண்டாக அறிவித்தார். சிறுவர் படித்துப் பெரியவராகும் வரை நாடு காத்திருக்க இயலாது என்பது அவர் கருத்து.

1973இல் நடந்த ‘ம்ட்டு நி அஃப்யா’ என்னும் இயக்கம் அதன் உச்சம். மனிதன் என்பவனே நலவாழ்வுதான் என்று அத்தொடருக்குப் பொருள் கொள்ளலாம். மலேரியா, வயிற்றுளைச்சல், கொக்கிப்புழு, நத்தைவழிப் பரவும் ஒட்டுண்ணி நோய், காசநோய் ஆகியவற்றைத் தடுக்கும் வழிகளைப் பன்னிரண்டு வாரங்களில் கற்பிப்பது திட்டம். மருத்துவர் சிலரே உள்ள நாட்டில் நோய் வந்தபின் தீர்ப்பதை விட வருமுன் காப்பதே இயலக்கூடியது.

திட்டத்தின் அமைப்பு ஆசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. வாரந்தோறும் குறித்த நேரத்தில் ஊர்க்குழு ஒன்று வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடும். முதலில் ஒலிபரப்பைக் கேட்பர். பின்னர், புதிதாக எழுத்தறிந்தோரும் படிக்கத்தக்க பெரிய எழுத்தில், எளிய சுவாகிலியில் அச்சிட்ட சிறு நூலிலிருந்து ஒருவர் உரக்கப் படிப்பார். அதன்பின் உரையாடல். நம் ஊரில் இந்நோய் உண்டா? எவ்வாறு வருகிறது? நாளை நாம் என்ன செய்யலாம்? செய்வது யார்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பிறகே கூட்டம் கலையும். மறுநாள் மண்வெட்டியுடன் வெளியே வருவர். தேங்கிய நீரை வடிப்பர், புதரை வெட்டுவர், கழிப்பறைக் குழி தோண்டுவர்.

குழு நடத்துவதற்கு ஏறத்தாழ 75,000 பேர் பயிற்சி பெற்றனர். இத்தனை பேரை ஒரே இடத்தில் கூட்டுவது எங்ஙனம்? படிப்படியாகப் பயிற்சி இறங்கியது: தலைநகரில் பயின்றோர் மாவட்டத்தில் பயிற்றினர், மாவட்டத்தில் பயின்றோர் வட்டாரத்தில் பயிற்றினர். பயிற்சியில் வற்புறுத்தப்பெற்ற முதற்பாடம், சொற்பொழிவு ஆற்றாதே என்பதாம். குழுத் தலைவர் விடை சொல்பவர் அல்லர்; வினா எழுப்புபவர். இது கேட்க எளிது, செய்வது அரிது. கரும்பலகை முன் நின்று பழகியவர்க்கு வாயை அடக்குவதை விடக் கடினமான பயிற்சி வேறில்லை என்பதை முதியோர் வகுப்பு நடத்திய எவரும் ஒப்புவர்.

ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அப்பன்னிரண்டு வாரங்களில் பங்கு கொண்டனர். பல இலட்சம் கழிப்பறைகள் தோண்டப்பட்டன. இரண்டாண்டு கழித்து 1975இல் ‘உணவே உயிர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் சத்துணவு குறித்த இயக்கமும் இதே முறையில் நடந்தது.

இவ்வளவும் பெருமைக்கு உரியதே. ஆயின் அதே ஆண்டுகளில், சிதறி வாழ்ந்த உழவர்களைப் புதிய கூட்டுச் சிற்றூர்களில் குடியேற்றும் பணியை அந்நாட்டு அரசு விரைவுபடுத்தியது. இசைந்து சென்றவர் போக, இசையாதவர் பல இடங்களில் வலிந்து குடியேற்றப்பட்டனர். பழைய குடில்கள் அழிக்கப்பட்டதும் உண்டு. கழிப்பறை தோண்டலாமா என்று கூடிப் பேச வானொலி இடம் தந்தது. வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டுமா என்று கூடிப் பேச அது இடம் தரவில்லை. கொசுவைப் பற்றிக் கேட்கலாம், ஆட்சியைப் பற்றிக் கேட்கலாகாது என்பதே எழுதப்படாத விதி.

ஒலிநாடாவில் வந்த வினா

குரல் மேலிருந்து கீழே வருவது போலக் கீழிருந்து மேலே செல்ல இயலுமா? இவ்வினாவுக்கு விடை கண்டோர் ஜிம்பாப்வே நாட்டுச் சிற்றூர்ப் பெண்கள்.

ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் நிலத்தில் உழைப்போர், நீர் சுமப்போர், விறகு பொறுக்குவோர் பெரும்பாலும் பெண்களே. வானொலிப் பெட்டியோ பெரும்பாலும் ஆடவர் உடைமை. சிறிய டிரான்சிஸ்டர் பெட்டி வந்தபின் இக்குறை கூடிற்றே தவிரக் குறையவில்லை. கணவன் எங்குச் சென்றாலும் பெட்டியும் அவன் கையோடு சென்றது. பெண்களுக்கென்று நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நேரத்தில் பெண் ஆற்றங்கரையில் இருப்பாள். பெட்டி மதுக்கடையில் இருக்கும்.

1988இல் அந்நாட்டுப் பெண் இதழாளர் சங்கம் வானொலி வழி முன்னேற்றம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சிற்றூர்களில் பெண்கள் கேட்போர் மன்றங்களாக ஒன்றுகூடினர். மன்றத்துக்கு வானொலியும் ஒலிப்பதிவும் ஒருங்கே அமைந்த கருவி தரப்பட்டது. பெட்டி தனி ஒருவருடையது அன்று, மன்றத்துக்கு உரியது என்பதே பெரிய மாற்றம். ஆயினும் திட்டத்தின் உயிர்நாடி கேட்பதில் இல்லை, பதிவு செய்வதில் இருந்தது.

மன்றத்துப் பெண்கள் கூடித் தம் குறைகளைத் தம் மொழியிலேயே பேசுவர். ஆழ்குழாய்க் கிணறு பழுதாகிக் கிடக்கிறது. உரம் விதைப்புக் காலம் முடிந்தபின் வருகிறது. மருத்துவ விடுதி நெடுந்தொலைவில் உள்ளது. இத்தகைய பேச்சு ஒலிநாடாவில் பதிவாகும். நாடா தலைநகரான ஹராரேக்குச் செல்லும். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அதனை எடுத்துக்கொண்டு உரிய அதிகாரியிடமோ அமைச்சரிடமோ செல்வார். பெண்களின் குரலை அவர் காதால் கேட்கச் செய்து, அவர் மறுமொழியையும் பதிவு செய்வார். வினாவும் விடையும் சேர்ந்து, நாட்டின் கல்வி அலைவரிசையான நான்காம் வானொலியில் ஒலிபரப்பாகும். மன்றங்கள் எல்லாம் அதனைக் கேட்டு மீண்டும் பேசும். மீண்டும் பதிவு செய்யும்.

இதன் வலிமை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று ஆராய வேண்டும். ஏழை எழுதும் மனு ஒன்று அலுவலகத்துக்குச் சென்றால், அதனைப் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்பது எவர்க்கும் தெரியாது. இழுப்பறைக்குள் உறங்கும் தாளுக்குச் சாட்சி இல்லை. எழுத்தறியாதவரோ அம்மனுவைக் கூடப் பிறர் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒலிநாடாவிலோ பேசுபவள் குரலே செல்கிறது. அவளது தயக்கமும் சினமும் உடன் செல்கின்றன. அதிகாரி தரும் விடையை அவள் ஒருத்தி மட்டும் கேட்பதில்லை, நாடே கேட்கிறது. ‘வருகிற மாதம் கிணறு சீராகும்’ என்று வானொலியில் சொன்ன வாக்கை மறுப்பது எளிதன்று. மாதம் கழிந்ததும் அடுத்த நாடா வந்து நிற்கும்.

மற்றொரு விளைவும் உண்டு. ஓர் ஊர்ப் பெண்கள் தம் துன்பத்தை வானொலியில் கேட்டபோது, நெடுந்தொலைவில் உள்ள வேறோர் ஊர்ப் பெண்கள் ‘நமக்கும் இதே கதைதான்’ என்று அறிந்தனர். தம் தலைவிதி என்று எண்ணியிருந்தது நிருவாகக் குறை என்று விளங்கிற்று. பின்னர் ஜாம்பியா, மலாவி போன்ற அண்டை நாடுகளும் இம்முறையைக் கைக்கொண்டன.

குறை இல்லாமல் இல்லை. எந்த நாடா ஒலிபரப்பாகும் என்பதைத் தலைநகரில் இருந்தவர் முடிவு செய்தனர். அவர்க்கு மேல் அரசு இருந்தது. அந்நாட்டில் சமூக வானொலிக்கு முதன்முதலாக உரிமம் கிடைத்தது, விடுதலை பெற்று நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே.

பத்து வாட் நிலையம்

தமக்கென்று ஒரு நிலையமே வைத்துக்கொள்ளும் எண்ணம் நெடுங்காலம் கனவாகவே இருந்தது. பழைய நிலையங்கள் சிற்றலையில் ஒலிபரப்பின. அவ்வலை வானின் உயர்ந்த மின்படலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கல் தொலைவு செல்வது. அதற்குரிய கருவிகள் பெரியவை, விலை மிக்கவை. பண்பலை எனப்படும் முறையோ கண்ணுக்கெட்டும் தொலைவு போலச் சிறிது தூரமே செல்லும். நாட்டை ஆள விழைவோர்க்கு அது குறை. ஊர்க்காரர்க்கு அதுவே நிறை. தம் வட்டாரத்துக்கு மட்டும் எட்டினால் அவர்க்குப் போதும். சிறிய கருவி, உயர்ந்த ஒரு கம்பம், ஓர் அறை ஆகியவற்றுடன் தொழில் தொடங்கிவிடும்.

1982இல் யுனெஸ்கோ துணையுடன் கென்யா நாட்டில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள ஹோமா பே என்னும் ஊரில் இத்தகைய நிலையம் ஒன்று அமைந்தது. ஒலிபரப்பியின் ஆற்றல் பத்து வாட் அளவே. அக்காலத்து வீட்டு மின்விளக்கு ஒன்றுக்கும் பொதுவாக அதனை விட அதிகம் வேண்டியிருந்தது. மொத்தச் செலவு 25,000 டாலருக்கும் குறைவு. அவ்வட்டார மக்களின் லூவோ மொழியில் அது பேசியது. ஆப்பிரிக்காவின் முதற் சமூக வானொலி என்று இதனையே குறிப்பிடுவர். 1984இல் கென்ய அரசு அதனை மூடிவிட்டது.

பத்து வாட்டைக் கண்டு ஓர் அரசு அஞ்சுவானேன்? 1982 ஆகஸ்டில் நைரோபியில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது கலகக்காரர் முதலில் கைப்பற்றிய இடங்களுள் வானொலி நிலையமும் ஒன்று. அக்காலத்து ஆப்பிரிக்கக் கலகங்களில் இது வழக்கமாகவே இருந்தது. ஆட்சி என்பது ஒலிவாங்கியைப் பிடித்திருத்தல் என்று அரசுகளும் எண்ணின, கலகக்காரரும் எண்ணினர். அவ்வெண்ணம் தளர 1990களின் அரசியல் மாற்றம் தேவைப்பட்டது. மாலி நாட்டில் 1991இல் இராணுவ ஆட்சி வீழ்ந்ததும் ஊர்தோறும் சிறு நிலையங்கள் முளைத்தன. தென்னாப்பிரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் சமூக வானொலியைத் தனிப் பிரிவாக ஏற்றது. கானாவில் 1990களின் நடுவில் அரசின் தனியுரிமை முடிவுற்றது.

ஒன்றை ஈண்டுச் சொல்லாமல் செல்வது நேர்மையன்று. ருவாண்டாவில் 1993இல் தொடங்கிய ஒரு தனியார் வானொலியும் மக்கள் மொழியிலேயே பேசியது. இனிய பாட்டும் நகைச்சுவையும் வழங்கியது. 1994இல் இலட்சக்கணக்கான டுட்சி மக்கள் கொல்லப்பட்டபோது கொலைக்குத் தூண்டியதும் அதே வானொலிதான். அதனை நிறுவியோருள் இருவர் மீது பன்னாட்டு நீதிமன்றம் 2003இல் தண்டனைத் தீர்ப்பு வழங்கியது. ஆகவே தாய்மொழியில் பேசுவதாலேயே ஒரு வானொலி மக்கள் வானொலி ஆகிவிடாது. அதனை நடத்துபவர் யார்க்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் பார்க்க வேண்டும்.

நல்வழியில் செலவான ஒலியும் மிகுதி. எபோலா நோய் பரவி 2014இல் சியரா லியோனில் பள்ளிகள் மூடப்பட்டபோது, குழந்தைகளின் பாடம் வானொலியில் நடந்தது.

உப்பும் குரலும்

கானாவில் வோல்ட்டா ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் அடா என்னும் நாடு உள்ளது. மக்கள் பேசும் மொழி டாங்மே. மீன்பிடித்தலும் உழவும் உப்பெடுத்தலும் அவர்கள் தொழில். 1998 பிப்ரவரி முதல் நாள் அங்கே ‘ரேடியோ அடா’ ஒலிக்கத் தொடங்கியது. கானாவின் முதற் சமூக வானொலி அதுவே. முன்னர் யுனெஸ்கோவில் பணியாற்றிய அலெக்ஸ் குவார்மைன் என்பவரும் அவர் துணைவியார் வில்னாவும் அதன் நிறுவனர்கள்.

அந்நிலையம் டாங்மே மொழியிலேயே பேசுகிறது. பெரும்பாலும் ஊதியம் பெறாத் தொண்டர்களே அதனை நடத்துகின்றனர். நிலையத்துள் அமர்ந்து பேசுவதினும், ஒலிப்பதிவுக் கருவியுடன் கடற்கரைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் சென்று மக்கள் பேச்சைப் பதிவு செய்து வருவதே அவர்கள் முறை. ஏட்டில் அருகியே காணப்படும் மொழி ஒன்று நாள் முழுதும் வானில் ஒலிப்பதென்றால், அம்மொழிக்கு அது பள்ளிக்கூடமும் ஆகும், அகராதியும் ஆகும். புதிய செய்திகளைச் சொல்லப் புதிய சொற்கள் வேண்டுமன்றோ? சிறுபான்மை மொழியில் கற்பிக்கும் எவர்க்கும் இத்தேவை விளங்கும்.

அடாவின் சொங்கோர் என்னும் காயலில் கோடைக்காலத்தில் நீர் வற்றி உப்புப் படியும். அவ்வுப்பை வாரிக்கொள்ளும் உரிமை ஊரார் யாவர்க்கும் பொது என்பது பழைய மரபு. 1965இல் அக்கோசோம்போ அணை எழுந்தபின் ஆற்றின் பருவ வெள்ளம் நின்றது. வெள்ளத்தை நம்பிய சிப்பித் தொழிலும் ஆற்றோர உழவும் நலிந்தன. எனவே உப்பே கைகொடுக்கும் தொழிலாயிற்று. அதற்குள் காயல் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. உப்பு வாரச் சென்றோர் திருடர் எனத் துரத்தப்பட்டனர். 1985இல் காவலர் துப்பாக்கிக் குண்டு பட்டுக் கருவுற்ற பெண் ஒருத்தி இறந்தாள். அடா மக்கள் இன்றும் அவள் பெயரைச் சொல்லியே அப்போராட்டத்தை நினைவுகூர்கின்றனர்.

நிலையம் தொடங்கியபின் இவ்வழக்கு ஒலிவாங்கிக்கு முன் வந்தது. காயல் யாருடையது, அரசு செய்த ஒப்பந்தத்தில் என்ன உள்ளது, வலியவர் வரப்புக் கட்டித் தனிப்பாத்தி அமைத்தால் எளியவர் எங்கே வாருவது என்று உப்பெடுக்கும் பெண்கள் பேசினர், பாட்டாகவும் பாடினர். ஊர்த்தலைவர்களும் அதிகாரிகளும் விடை கூற அழைக்கப்பட்டனர். கூட்டத்தில் வாய்திறக்க உரிமையற்றிருந்த பெண்களின் குரல், தலைவர் வீட்டுத் திண்ணையிலும் ஒலித்தது.

2022 ஜனவரி 13ஆம் நாள் முரடர் கூட்டம் ஒன்று அந்நிலையத்துள் புகுந்தது. அப்போது உப்பளக் குத்தகை குறித்து நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் ஊழியரைத் தாக்கினர், கருவிகளை உடைத்தனர், அப்பொருள் பற்றி இனிப் பேசலாகாது என மிரட்டிச் சென்றனர். ஒலிபரப்பு தடைப்பட்டது. கானாவின் இதழாளர் அமைப்புகளும் பிற நாட்டு அமைப்புகளும் இதனைக் கண்டித்தன.

கருவிகள் சீர்செய்யப்பெற்றதும் ரேடியோ அடா மீண்டும் டாங்மே மொழியில் பேசத் தொடங்கியது. உப்பைப் பற்றியும் பேசியது.